எஞ்சினை நிப்பாட்டாதீங்க

சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகக் காசு செலவழிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பதை, ஐயா, நிலோஜன் வந்த பிறகுதான் கண்டேன். களுவாஞ்சிகுடியில் ஒரு கராஜில் பல வருடமாக வேலை செய்கிறவன் நான். சைலென்சர் ஓட்டையாகி வருகிறவர்கள் எல்லாரும் சத்தத்தைக் குறைத்துத் தரச்சொல்லித்தான் கேட்பார்கள். கூட்டித் தரச்சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நிலோஜன் எனக்குச் சகலன். என் மனைவி கேதீஸ்வரியின் தங்கை விதுர்ஷாவைக் கட்டியவர். கத்தாரில் இருந்துவிட்டு வந்தவர், கொழும்பில் ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கிக்கொண்டு பழுகாமத்துக்கு வந்து இறங்கினார். இரண்டே கதவு. நிலத்தோடு பதிந்த உடம்பு. ஓட்டப் பந்தயத்துக்கென்று ஜப்பான்காரன் செய்த சாதி. எங்கள் றோட்டில் அது வருவதைப் பார்த்தால், சப்பாத்துப் போட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கின மாதிரி இருக்கும். ஆனால் எஞ்சின் நல்ல எஞ்சின். அதை நான் மறைக்கமாட்டேன்.

நீங்கள் வெளியூர் என்றபடியால் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றின வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் எழுவான்கரையில், களுதாவளையில் பிறந்தவன். வாவியைத் தாண்டி, மேற்கே படுவான்கரையில் இருக்கிற பழுகாமத்துக்கு மருமகனாக வந்தேன். அந்த வீட்டில் ஒரு ஓடுகூட என்னுடையது இல்லை. என்னுடையது என்று இருந்தது என் கை மட்டும்தான். நீர்ப்பம்பி நின்றாலும் உழவு மெசின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாமா நாகரெத்தினம் சந்தியில் நின்று, "எங்கட மருமகன் கை வைச்சா அது மறுகா பழுதாகாது" என்று ஆட்களுக்குச் சொல்லுவார். நான் உண்மையில் குடியிருந்தது அந்தச் சொல்லுக்குள்தான்.

நிலோஜன் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி எடுப்பித்தார். உள்ளே ஹெடர். எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பூட்டுகிற வளைந்த எஃகுக் குழாய்த் தொகுதி அது. பூட்டினால் எஞ்சின் இலகுவாக மூச்சு விடும், சத்தமும் தடிக்கும். கராஜ் முதலாளி, "பொலிசு பிடிச்சா எனக்குத்தான் கரைச்சல், இஞ்ச வேணாம்" என்று கையை விரித்துவிட்டார். அதனால் வீட்டிலேயே செய்வோம் என்றேன். மாமரத்துக்குக் கீழே ஜக் வைத்துக் காரைத் தூக்கி, தென்னங்குற்றிகளை முண்டு கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வளவு ஆட்களும் வந்துவிட்டார்கள். மாமா கதிரை போட்டு இருந்தார். மாமி அன்னப்பூரணி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தா. அந்த வீட்டில் முதல் கோப்பை எப்போதும் எனக்குத்தான் வரும். அன்றைக்கு அது நிலோஜனுக்குப் போனது. சின்னக் கதை என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு மட்டும் அது பெரிதாகத்தான் இருந்தது.

நிலோஜன் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்றார்.

"அண்ணன், துருப்பிடிச்ச நட்டுக்கு எண்ணெய் அடிச்சு ஒரு நாள் ஊற விடச் சொல்றாங்க."

"அப்ப வீடியோக்காரனையே கூப்பிட்டுப் பூட்டுவமா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நல்ல மனிதர். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். கராஜில் நானும் ஊறவிட்டுத்தான் கழற்றுவேன்.

எஞ்சினின் பின்பக்கத்தில், காருக்குள் இருக்கிறவர்களின் கால்மாட்டை ஒட்டின மூலையில், கடைசி நட்டு. ஸ்பானரைப் போட்டு இழுத்தேன். நட்டு வரவில்லை, நட்டோடு சேர்ந்து ஸ்டட் முறிந்து வந்தது. ஸ்டட் என்றால் எஞ்சினோடு பதிந்திருக்கும் திருகாணி. அதன் பாதி உள்ளே நின்றுவிட்டது. ஒரு சின்னச் சத்தம்தான், ஒருவருக்கும் கேட்கவில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை ஐயா. கராஜில் அடிக்கடி முறியும். முதலாளிக்குச் சொல்லுவேன், அவர் ஒரு தூசணம் சொல்லுவார், துளைபோட்டு எடுத்துவிட்டுப் புதிதைப் போடுவோம். அன்றைக்கும், "இது முறிஞ்சிட்டு, நாளைக்குச் சாமான் கொண்டுவந்து எடுப்பம்" என்று ஒரு வசனம் போதும். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மாமா பக்கத்து வளவுக்காரரிடம், "கொழும்பில செய்யிற வேலைய என்ட மருமகன் வளவுக்குள்ள செய்றான் பாருங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

ஹெடரை மற்ற நட்டுகளால் பூட்டிவிட்டு, முறிந்த துண்டை நட்டோடேயே வைத்து, சூட்டுக்குத் தாங்குகிற பசை பூசி அந்த இடத்தில் ஒட்டினேன். மற்ற நட்டுகளோடு பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதைக்கூட நேர்த்தியாகச் செய்தேன் என்று அப்போது ஒரு திருப்தி இருந்தது. அந்த மூலையில் ஹெடரை இழுத்துப் பிடிக்க ஒன்றுமே இல்லை. புகை கசியும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

ஸ்டார்ட் பண்ணியபோது வளவே அதிர்ந்தது. சின்னப்பிள்ளைகள் கைதட்டினார்கள். விதுர்ஷா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

"அத்தான், என்ட வயித்துக்குள்ள இரிக்கிறவனும் எழும்பிட்டான்!"

அப்போது அவவுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்த காலம்.

அந்தக் கிழமையே அவ என்னிடம் வந்தா. "அத்தான், காருக்குள்ள என்னமோ மணக்குது. தலையும் இடிக்குது" என்றா. "புது ஹெடரில பூச்சு எரியிற மணம், கிளி. கொஞ்சம் ஓடினாப் போயிரும்" என்றேன். அது பொய்யும் இல்லை. புது ஹெடர் அப்படித்தான் மணக்கும், பிறகு மணம் போய்விடும். போனது. விதுர்ஷாவும் சந்தோசப்பட்டா. ஆளைக் கொல்லுகிற வாயுவுக்கு மணம் இல்லை என்பதை நான் அவவுக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் நானே கண்ணாடிகளை மூடி, ஏசியைப் போட்டுப் பட்டிருப்புப் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஏசி காற்றை உறிஞ்சுகிற வாய், நான் நட்டு ஒட்டின மூலைக்கு நேர் மேலே இருக்கிறது. திரும்பி வரும்போது தலை இடித்தது. வீட்டுக்கு வந்து பனடோல் போட்டுக்கொண்டு படுத்தேன். "ஏசி எஞ்சினுக்குப் பாரம், கண்ணாடியத் திறந்து ஓடுங்க" என்று நிலோஜனுக்குச் சொல்லிவைத்தேன். அதோடு என் கடமை முடிந்த மாதிரி இருந்தது. திரும்பக் கழற்றியிருக்கலாம்தான். ஏன் கழற்றுகிறாய் என்று மாமா கேட்பார். அவருக்கு என்ன சொல்வது என்று ஒரு பதிலைத் தேடிக்கொண்டே இருந்தேன். மாரி தொடங்கிவிட்டது.

அன்றைக்கு விதுர்ஷாவுக்குக் கிளினிக். நிலோஜன் அவவைக் காரில் கூட்டிப்போயிருந்தார். நானும் மாமாவும் ஒரு சொந்தக்கார வீட்டுக்குக் குடிபுகுதலுக்குப் போயிருந்தோம். வெளியே சரியான மழை. விறாந்தை நிறைய ஆட்கள். நிலோஜன் மாமாவின் போனுக்குத்தான் கோல் எடுத்தார். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி லவுட்ஸ்பீக்கரில் போட்டு என் முன்னே நீட்டினார்.

"அண்ணன், றோட்டுக்கு மேலால வெள்ளம் ஓடுது. சைலென்சர் வாய் தண்ணிக்குள்ள நிக்குது. முன்னால போகவும் ஒண்ணா, பின்னால எடுக்கவும் ஒண்ணா. உழவு மெசின் வந்து இழுக்கும் மட்டும் நிக்கோணும். எஞ்சினை நிப்பாட்டவா?"

வெள்ளத்துக்குள் எஞ்சினை நிறுத்தக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நிறுத்தினால் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும். மாரிக்கு மாரி எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குழாயின் வாய் தண்ணீரில் அடைபட்டால் புகை வேறு வழி தேடும். அந்த வழி எங்கே இருக்கிறது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

"விதுர்ஷா என்ன செய்றா?" என்று கேட்டேன்.

"தலையிடி எண்டவ. இப்ப நித்திரையாகிட்டா. மழை அடிக்குது, கண்ணாடி திறக்கேலாது அண்ணன்."

விறாந்தையில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். நிப்பாட்டுங்க, கதவைத் திறந்து அவளை வெளியே எடுங்க என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

"எஞ்சினை நிப்பாட்டாதீங்க" என்றேன். "நிப்பாட்டினா எஞ்சின் போயிரும். அப்பிடியே ஓட விடுங்க."

"மருமகன் சொன்னாச் சரி" என்றார் மாமா. பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் சாப்பிட்டேன் ஐயா. நன்றாகவே சாப்பிட்டேன்.

நிலோஜன் உழவு மெசின்காரரை அவசரப்படுத்த வெள்ளத்துக்குள் இறங்கி நடந்திருக்கிறார். திரும்பி வந்து கதவைத் திறந்து கூப்பிட்டபோது விதுர்ஷா எழும்பவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளையும் இல்லை. வாயுவை மூச்சில் எடுத்துத்தான் இறந்திருக்கிறா என்று வைத்தியர் சொன்னார்.

காரை அன்றே உழவு மெசினால் இழுத்துவந்து எங்கள் வளவில் விட்டிருந்தார்கள். அடுத்த நாள் காலை எல்லாரும் பிரேதம் எடுக்க ஆசுப்பத்திரிக்குப் போய்விட்டார்கள். நான் கராஜிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்தேன். ஒட்டிய துண்டைத் தட்டி எடுத்து வாவிக்குள் எறிந்தேன். உள்ளே நின்ற பாதியைத் துளைபோட்டு எடுத்து, புது ஸ்டட் போட்டு, கசிவு ஒன்றும் வராமல் இறுக்கினேன். அதிக நேரம் எடுக்கவில்லை. அவ்வளவு சின்ன வேலை அது.

மோட்டார் பரிசோதகர் செத்தவீட்டன்றுதான் வந்தார். காருக்குக் கீழே படுத்துப் பார்த்தார், எஞ்சினை ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தார். "கசிவு ஒண்டும் இல்ல. வேலை சோக்கா இரிக்கு, ஆர் பூட்டினது?" என்று கேட்டார். மாமா, மகளின் பிரேதம் வீட்டுக்குள் கிடக்க, அழுத கண்ணோடு என்னைக் காட்டி, "என்ட மூத்த மருமகன்" என்றார்.

எனக்குச் சந்தோசம் வந்தது ஐயா. ஒரு கணம்தான், ஆனால் வந்தது. மற்ற எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டேன். இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சந்தோசத்தை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும் போல இருக்கும்.

காரில் பிழை இல்லை என்றதும் நீங்கள் நிலோஜன் பக்கம் திரும்பினீர்கள். மனைவியைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு ஏன் இறங்கினாய் என்று கேட்டீர்கள். புருசன் பெண்சாதிக்குள் சண்டை என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். பிடித்து மறியலில் அடைத்தீர்கள். மாமியும் அவரைச் சபிக்கத் தொடங்கிவிட்டா. நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

போன கிழமை மறியலுக்கு அவரைப் பார்க்கப் போனேன். ஆள் உருக்குலைந்து போயிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"அண்ணன், ஒண்ட நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. நீங்க நிப்பாட்டாதீங்க எண்டு சொன்னீங்க. நான் கேக்கல்ல. அவள் முனகினாள் எண்டு கொஞ்ச நேரம் நிப்பாட்டினன். மறுகா நீங்க சொன்னது நினைவு வந்து, பயத்தில திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினன். நான் நிப்பாட்டினதாலதான் புகை உள்ளுக்கு வந்திருக்குமோ?"

அவர் எஞ்சினை நிறுத்திய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் விதுர்ஷாவுக்கு மூச்சு கிடைத்திருக்கும். திரும்ப ஓடவிட்டது என் சொல்லுக்காக. எனக்கு அது அந்த இடத்திலேயே விளங்கியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கும்" என்றேன்.

"அப்ப நான்தான் அவளக் கொன்டுட்டன் என்ன அண்ணன்" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். நான் வாங்கிப்போன பிஸ்கட்டைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்சில் வரும்போதே உங்களிடம் வரவேண்டும் என்று நினைத்தேன், இன்றைக்குத்தான் வந்திருக்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். விதுர்ஷாவையும் அவவின் பிள்ளையையும் கொன்றது நான். பசை பூசும்போது கொல்ல நினைக்கவில்லை. ஆனால் போன் என் முன்னால் நீட்டப்பட்டபோது, நான் என்ன சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். நிலோஜனில் ஒரு பிழையும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள். என் கையெழுத்தை எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

இனி வீட்டுக்கு அறிவிக்க வேண்டும். கேதீஸ்வரியின் முகத்தைப் பார்க்க என்னால் ஏலாது, நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஒரு உதவி மட்டும் கேட்கிறேன் ஐயா. ஸ்டட் என் கையில் முறிந்த கதையை மாமாவுக்குச் சொல்லவேண்டாம். தெரிந்தே கொன்றான் என்று சொன்னால் போதும்.