கெட்டித் தையல்

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் சார், செயின் ஆயில் ஊறிப் போயிருக்கிறது. துணியில் பட்டால் எந்த சோப்புக்கும் போகாது. இந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் கொஞ்சம் ஆடும், ஆனால் சுத்தம்.

நீங்கள் உள்ளே வந்ததும் மிஷினைப் பெஞ்சின் மேல் வைத்தீர்கள். பக்கத்தில் பாலிதீன் பையோடு அந்தப் பேண்டையும் வைத்தீர்கள். "மரம் அறுக்கிற மிஷினைப் பத்தி உங்க அளவுக்கு இங்க யாருக்கும் தெரியாதாமே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். அதுவரை சரி. அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். "கடைசியா சர்வீஸ் பண்ணது நீங்கதானே? ஏதோ அசால்ட்டா விட்டுட்டீங்க போல" என்றும் சொல்லிவிட்டீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். என் கையில் அசால்ட் என்பது கிடையாது.

சுவரைப் பாருங்கள். அரங்கள் ஒவ்வொன்றும் அதனதன் ஆணியில் தொங்குகின்றன. பழைய செயின் ஒரு பக்கம், தீட்டிய செயின் ஒரு பக்கம். ஒரு பல் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் மற்ற எல்லாப் பல்லையும் அந்த அளவுக்கு இறக்கித்தான் கொடுப்பேன். இல்லையென்றால் வெட்டு ஒரு பக்கமாக இழுக்கும். "அண்ணே, சும்மா ரெண்டு இழுப்பு இழுத்துக் குடுங்க" என்று அவசரப்படுத்துபவனிடம் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேறு கடைக்குப் போகட்டும்.

புது மிஷின் வாங்க வருகிறவன் முதலில் கேட்பது எது பெரிசு என்பதைத்தான். நான் அவன் தோளைப் பார்ப்பேன். சோளத்தட்டை மாதிரி இருப்பான், ஆளுயர மிஷினைக் கேட்பான். "தம்பி, இதை நீ தூக்குவியா, இது உன்னைத் தூக்குமா?" என்பேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போன காலோடு அப்படியே இருக்கிறார்கள், அது போதும்.

மிஷினோடு ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், கடைசியாகப் பேண்ட். இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அது சாதாரணப் பேண்ட் இல்லை. மேல் துணிக்கு அடியில் தொடையிலிருந்து கணுக்கால் வரை நூல்கள் நீள நீளமாக, எதிலும் கட்டுப்படாமல், தளர்வாகக் கிடக்கும். செயின் வந்து துணியைக் கடித்தால் அந்த நூல்கள் கொத்தாக வெளியே இழுபட்டு, செயினோடு ஓடி, பல்சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொள்ளும். மிஷின் மூச்சடைத்து நின்றுவிடும். கண் இமைப்பதற்குள் நடக்கும். துணி போகும், கால் இருக்கும்.

இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். "இதைப் போட்டுக்கிட்டு மரம் வெட்டவா, இல்ல உள்ளயே இட்டிலி மாதிரி வேகவா?" என்பார்கள். எனக்குப் பேண்ட் சாமியார் என்று பெயர் வைத்தார்கள். கடைக்கு வழி கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். நீங்களும் அப்படிக் கேட்டுத்தான் வந்திருப்பீர்கள். பரவாயில்லை.

அந்தப் பெயரை வைத்தது என் மாப்பிள்ளை. தங்கையின் கணவர். இறந்துபோனவர்.

அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குடி கிடையாது. தங்கை மேல் ஒரு நாள்கூடக் கை ஓங்கியது கிடையாது. அவர் வெட்டினால் மரம் அவர் காட்டிய இடத்தில்தான் படுக்கும், வேலி ஓரமாக இருந்தாலும் ஒரு கம்பி அறாது. அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். வெட்டு முடிந்து மரம் சாயத் தொடங்கியதும், இரண்டடி பின்னால் வந்து, ஓடுகிற மிஷினை அப்படியே இடது தொடையில் சாய்த்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி நிற்பார். பிரேக்கைத் தள்ளமாட்டார். "செயின்தான் நின்னுடுச்சே மச்சான், அப்புறம் எதுக்கு பிரேக்கு?" என்பார். விசையை விட்டால் செயின் நின்றுவிடும், உண்மைதான். கிளச் ஸ்பிரிங் நன்றாக இருக்கிற வரைக்கும்.

அந்தப் பழக்கம் அவர் ஒருவரோடு நின்றிருந்தால் நான் விட்டிருப்பேன். அவரைப் பார்த்துக் கூப்பில், காட்டில் மரம் வெட்டுகிற இடத்தில், இருந்த எல்லோரும் அப்படியே நிற்க ஆரம்பித்தார்கள். மிஷினைத் தொடையில் வைத்து அண்ணாந்து பார்ப்பதுதான் ஆம்பிளைத்தனம் என்று ஆகிவிட்டது. ஒருவரைத் திருத்தினால் அத்தனை பேரும் திருந்துவார்கள். இப்படி யோசிப்பது தப்பு என்று எனக்கு இன்னமும் படவில்லை.

வாசலில் தொங்குகிற கிழிந்த பேண்டைப் பார்த்தீர்களா? மொட்டை என்று ஒருத்தன், அவனுடையது. அவன் மட்டும் என் பேச்சைக் கேட்டு வாங்கினான். ஒரு நாள் கால் வழுக்கி மிஷின் மேலேயே விழுந்தான். பேண்ட் கிழிந்தது, தோலில் ஒரு கீறல் இல்லை. நேராக இங்கே ஓடி வந்து, "அண்ணே, நீங்க மனுசனே இல்ல" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அது தானாக நடந்தது, அதில் என் கை இல்லை. அடுத்த சில வாரங்கள் நான் பேசினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். பேண்ட் போட்டார்கள். பிரேக்கைத் தள்ளினார்கள். கடையில் பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து, "அப்புறம் சொல்லுங்கண்ணே" என்றார்கள். எனக்கு அந்த மாதிரி நாட்கள் அதற்கு முன் வந்ததில்லை.

பிறகு மறந்துபோனார்கள். மறுபடியும் சிரிப்பு.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வாயால் சொன்னால் காதோடு நின்றுவிடுகிறது. தொடையில் சொன்னால் மண்டையில் ஏறுகிறது.

தாடி என்று ஒருத்தன் மிஷினைச் சர்வீசுக்குக் கொண்டுவந்தான். பேண்ட் வைத்திருந்தான், நல்ல நிலையில் இருந்தது, நானே தடவிப் பார்த்தேன். அவன் மிஷினின் கிளச்சில் தளர்ந்துபோன ஒரு ஸ்பிரிங்கைப் போட்டேன். விசையை விட்ட பிறகு எஞ்சின் சும்மா ஓடுகிற ஓட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். காலையில் ஒன்றும் தெரியாது. மிஷின் நன்றாகச் சூடேறிய பிறகு, விசையை விட்டாலும் செயின் ஓடும். மரம் சாய்கிற நேரத்தில் எவனும் செயினைப் பார்க்கமாட்டான், மேலேதான் பார்ப்பான். பிரேக்கை நான் தொடவே இல்லை. இதைக் கவனியுங்கள் சார். பிரேக் கச்சிதமாக வேலை செய்தது. முறையாக வேலை செய்கிறவனுக்கு அந்த மிஷினால் ஒரு தீங்கும் வந்திருக்காது.

தாடிக்கும் பேண்ட் கிழிந்தது, கால் தப்பியது. அவனும் இங்கே வந்து அழுதான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த மிஷினை மறுபடி சர்வீஸ் செய்யும்போது நல்ல ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டேன், அதற்குக் காசு வாங்கவில்லை. அவனுக்குப் பிறகு இன்னொருவர். அவர் இப்போதும் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறார், அதனால் அவர் யார் என்பது வேண்டாம்.

எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பேண்ட் போடாதவன் மிஷினில் நான் கை வைத்ததே இல்லை. நான் ஒன்றும் கொலைகாரன் இல்லையே.

அதனால் மாப்பிள்ளைக்கு முதலில் பேண்ட் போட வைக்க வேண்டியிருந்தது. நல்லதாக ஒன்றை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தேன். அவளும் முதலில் சிரித்தாள். "அண்ணனுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். மழை வந்தா இடிக்கு பயம், வெயில் வந்தா மயக்கத்துக்குப் பயம்" என்று அவரோடு சேர்ந்து சிரித்தாள். சோறு போட்டுக்கொண்டே சிரித்தாள். சின்ன வயதில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். நான் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் அவள் மனதில் எங்கேயோ தைத்திருக்கிறது. மறுநாள் அவருடைய பழைய பேண்ட் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவைத்துவிட்டாள். வேறு வழி இல்லாமல் இதைப் போட்டுக்கொண்டு போனார். பிறகு பழகிவிட்டது.

அவருடைய மிஷின் சர்வீசுக்கு வந்தது. தாடிக்குச் செய்ததையே செய்தேன். அதைவிடக் கவனமாகச் செய்தேன், வீட்டு ஆள் இல்லையா. சூடேற்றிப் பார்த்தேன், ஆறவைத்துப் பார்த்தேன், மறுபடி சூடேற்றினேன். துடைத்துப் பெஞ்சில் வைத்தேன், இப்போது நீங்கள் வைத்திருக்கிற அதே இடத்தில்.

அவர் வாங்கிப் போக வந்தபோது கூப்பு ஆட்களும் கூட வந்திருந்தார்கள். மொட்டை இருந்தான், தாடி இருந்தான். மாப்பிள்ளை அந்தப் பேண்ட்தான் போட்டிருந்தார். இடது தொடையில் ஒரு ஒட்டு.

"என்ன மாப்பிள்ளை இது?"

"முள்வேலி கிழிச்சிடுச்சு மச்சான். உங்க தங்கச்சி தையல் மிஷின்ல ஓட்டிக் குடுத்தா. தொட்டுப் பாருங்க, புதுசைவிட கெட்டி."

தொட்டுப் பார்த்தேன். கெட்டிதான். என் தங்கைக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது, எங்கள் வீட்டு வழக்கம் அது. கிழிசலை மட்டும் தைத்து விடவில்லை. குறுக்கும் நெடுக்குமாக, ஒரு விரல் இடைவெளி விடாமல், உள் அடுக்கு வரைக்கும் சேர்த்து ஓட்டியிருந்தாள். மறுபடி கிழியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். தளர்வாகக் கிடக்க வேண்டிய நூல்கள் அத்தனையும் அந்தத் தையலில் ஆணி அடித்த மாதிரி இறுகிப்போயிருந்தன. ஒரு நூல்கூட வெளியே வராது. அந்தத் தொடையில் அது வெறும் துணி.

இத்தனை வருஷம் இத்தனை பேருக்கு இத்தனை சொன்னேன். பேண்ட் கிழிந்தால் தைக்கக் கூடாது என்பதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. கிழித்துக்கொள்கிற அளவுக்கு யாரும் போட்டால்தானே.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். மிஷினை அப்போதே வாங்கி வைத்திருக்கலாம். "இன்னும் வேலை முடியல, நாளைக்கு வாங்க" என்றால் போதும். சொல்ல வாயைத் திறந்தேன். என் விரல் இன்னும் தையல் மேலேயே இருந்தது. அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, சாமியார் தொட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டாரு. இனிமே இந்தக் காலுக்கு எமன்கூட டோக்கன் வாங்கிட்டுத்தான் வரணும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அது பெரிய விஷயமில்லை. மொட்டையும் சிரித்தான். என் காலைப் பிடித்து அழுதவன். தாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை சார். இந்த மாதிரி விஷயங்களில் நான் கோபப்படுகிறவன் இல்லை. நான் யோசித்தது வேறு. தையலைப் பிரிக்கச் சொன்னால் தங்கை மனசு சங்கடப்படும். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை அண்ணன் குறை சொல்லிவிட்டான் என்று நினைப்பாள். அதனால் மிஷினை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது, "தொடையில வெக்காதீங்க மாப்பிள்ளை, பிரேக்கைத் தள்ளுங்க" என்று சொன்னேன். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னேன். போய்க் கேட்டுப் பாருங்கள், இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

"ஆகட்டும் சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானமே தகவல் வந்தது. அப்போது ஒரு புதுச் செயினை எண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். மரம் சரியான இடத்தில் படுத்ததாம். அதை எல்லோரும் சொன்னார்கள். தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் சார் அது, சாலைக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது கூப்புக்குப் போய்ப் பாருங்கள். ஒருவன்கூட மிஷினைத் தொடையில் வைப்பதில்லை. விசையை விட்ட கையோடு பிரேக்கைத் தள்ளுகிறார்கள். சாமியார் என்று யாரும் சொல்வதில்லை. நேற்றுக்கூட நாலைந்து பேர் வந்து பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து, கிழிந்த பேண்டைத் தைக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று சொன்னேன். ஏன் என்று விளக்கினேன். ஒருவனும் சிரிக்கவில்லை. பலனைப் பார்த்தால் நான் செய்தது வீண் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஸ்டேஷனில் நீங்கள் எழுதிக்கொள்ளும்போது சரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை நான்தான் போட்டேன், தெரிந்துதான் போட்டேன். தையல் என்ன செய்யும் என்று தெரிந்த பிறகும் மிஷினை நான்தான் கொடுத்தேன். அதில் அசால்ட் எதுவும் இல்லை. கிளச்சைக் கழற்றிப் பாருங்கள், ஒரு திருகுகூட கூடவோ குறையவோ முடுக்கியிருக்காது.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். தங்கை இன்னும் கொஞ்ச நேரத்தில் சாப்பாடு கொண்டுவருவாள். அவர் போன பிறகும் எனக்குக் கொண்டுவந்து தருவதை அவள் நிறுத்தவில்லை. வந்ததும் பெஞ்சில் இந்தப் பேண்டைப் பார்ப்பாள், பையை அந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள். "பேண்ட் போட்டிருந்தாரே அண்ணா, அப்புறம் எப்படி?" என்று தினமும் கேட்கிறாள். விதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வாள். அந்தத் தையலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். தன் கையாலேயே புருஷனைக் கொன்றுவிட்டோம் என்று தெரிந்தால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள்.