எதிர் நாற்காலி

பூத்தையல் பழக வருகிறவர்கள் முதல் நாள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: ஊசி குத்துமா? குத்தும் என்றுதான் சொல்வேன். பொய் சொல்லி ஆள் சேர்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. உங்கள் அக்கா மட்டும் அதைக் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அடுத்தவர்களைக் குத்தியே சம்பளம் வாங்கியவர் அல்லவா.

உட்காருங்கள் தம்பி. மடியில் வைத்திருக்கும் துணியை மேஜைமேல் வையுங்கள், கசங்குகிறது. எதற்காக மாடியேறி வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன், நடுவில் மட்டும் எதுவும் கேட்காதீர்கள்.

இந்த அறையில் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பழகுகிறவர்கள் அந்தப் பெஞ்சில், என் வலது பக்கம் உட்காருவார்கள். என் கை போகிற வழியிலேயே அவர்கள் கையும் போக வேண்டும், அதற்காக. எல்லோரும் என் விரலைத்தான் பார்ப்பார்கள். இடது கைக்காரர்களை மட்டும் எனக்கு எதிரே உட்கார வைப்பேன். கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருவது போல, என் வலது கையைப் பார்த்து அவர்கள் இடது கையால் தைத்துவிடலாம். இத்தனை வருடத்தில் அப்படி நாலே பேர்தான் வந்தார்கள். மூன்று பேர் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். நாலாவது ஆள் உங்கள் அக்கா. நர்ஸ் என்பதால் நான் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன்.

என் கணவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் போனதும் சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டேன். ஒரு ஆளுக்கு எதற்கு நாலு பக்கம்? எதிரே சுவர், சுவரில் ஒரு காலண்டர். சிஸ்டர் வருவதற்கு முன்னால் என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசிய கடைசி ஆள் பல் டாக்டர். அவரும் என் வாயைத்தான் பார்த்தார். சிரிக்கலாம் தம்பி, நானே சிரித்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கும்போது வருகிற அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சிஸ்டர் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மருந்து வண்டிக்கும் லிஃப்ட் கதவுக்கும் நடுவில் இடது மணிக்கட்டு நசுங்கியது, நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள், விரல்கள் பழகப் பூத்தையல் போடச் சொன்னார்கள். காம்புத் தையலில் ஒரு சாண் வரி கோணாமல் வந்தால் மறுபடியும் குழந்தைகள் வார்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தையின் கையில் ரத்தக்குழாயைத் தேடி ஊசி ஏற்றுகிற வேலை, நடுங்கும் கைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு வருவார். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. ஒருநாள் தலை நிமிராமலே சொன்னார்: "குழந்தைக்கு ஊசி போடறப்ப நான் மூச்சே விட மாட்டேன் டீச்சர். இந்த வரி போடறப்பவும் அப்படித்தான் இருக்கு." அன்று அவர் மூச்சு விடும்வரை நானும் விடவில்லை. நான் இருமினால் நிமிர்ந்து பார்ப்பார். கண் சிவந்திருந்தால் தூங்கவில்லையா என்று கேட்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நாலாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எல்லோரும் போன பிறகு, துணியை இழுத்துக் கட்டியிருந்த அவருடைய மர வளையத்தை எடுத்துப் பார்த்தேன். துணியை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது என் வகுப்பின் பழைய சட்டம். வீட்டுக்குப் போன துணி திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. முக்கால் சாண் வரி, நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. உண்மையாகவே பூரித்துப்போனேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். என் கையில் பழகிய கை. பிறகு, அடுத்த வெள்ளிக்கு முன்னால் மீதிக் கால் சாணும் முடிந்துவிடும் என்று தோன்றியது. நாற்காலியைப் பார்த்தேன். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

ஆறு தையலைப் பிரித்தேன். ஊசியின் காதுப் பக்கத்தால் தூக்கி, சின்னக் கத்தரியால் நறுக்கி, பழைய துளைகளை நகத்தால் தேய்த்து மூடினேன். அதே நூலில் இரண்டு இழை எடுத்துக் கோணலாகத் தைத்தேன். கோணலாகத் தைப்பது லேசான வேலை இல்லை தம்பி. நேராகவே போய்ப் பழகிய கை சொன்ன பேச்சைக் கேட்காது. முதல் நாள் அந்த ஆறு தையலுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்து முகம் வாடிவிட்டார். "வெள்ளிக்கிழமை நேராத்தானே இருந்துச்சு டீச்சர்?" என்றார். வளையத்தில் இழுத்துக் கட்டியிருக்கும்போது எல்லாம் நேராகத்தான் தெரியும், கழற்றினால்தான் தையலின் குணம் தெரியும் என்றேன். வகுப்பில் எல்லோருக்கும் நான் சொல்கிற பாடம்தான் அது. உண்மையும்கூட. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று தேற்றி, தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். வழக்கத்தைவிட அரை மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டுப் போனார்.

இப்படிப் பதினெட்டு முறை. துணியில் கோணல் இடங்களை நீங்கள் எண்ணியிருந்தால் குறைவாக வந்திருக்கும், சில இடங்களில் இரண்டு தடவை பிரித்தேன். கெடுதல் செய்கிறேன் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்று அவர் என்ன சுகத்தைக் கண்டார்? இங்கே உட்கார்ந்து தைக்கிறார், பேசுகிறார், இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஒன்பதாவது மாதம் டாக்டர் துணியைக் கொண்டுவரச் சொன்னார். அன்று மட்டும் சட்டத்தைத் தளர்த்தினேன். முன்னேற்றம் இல்லை, உள்ளே நரம்பு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்று அந்தத் துணியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் நேராக இங்கேதான் வந்தார், வகுப்பு இல்லாத நாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்: "எனக்கென்னவோ கை நல்லாதான் இருக்கற மாதிரி தோணுது டீச்சர். ஆனா துணி வேற சொல்லுது. ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா? நீங்க சொல்றதைத்தான் நான் கேப்பேன்."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆபரேஷன் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும், குறைந்தது ஆறு மாதம் ஆகும் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "டாக்டர் சொல்றபடி செய்யுங்க சிஸ்டர்" என்றேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி வரவே இல்லை, வார்டு வேலை போய் இப்போது ஃபைல் அடுக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் சொன்னதாக நீங்கள் வாசலிலேயே சொன்னீர்களே, "நேர்த் தையலெல்லாம் என்னோடது, கோணத் தையலெல்லாம் வலது கைக்காரங்களோடது" என்று. சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். காம்புத் தையல் கயிற்று முறுக்கு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வலது கையால் தைத்தால் ஒரு பக்கம், இடது கையால் தைத்தால் மறு பக்கம். முதல் மாதமே நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கோணலிலேயே குறியாக இருந்தவளுக்குச் சாய்வு கண்ணில் படவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். மாணவி மறக்கவில்லை, அந்த மட்டில் எனக்குப் பெருமைதான்.

ஆமாம் தம்பி. நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கிளம்புவதற்கு முன் நான் தைத்த இந்தத் துணியையும் பாருங்கள். இனிமேல் அவர் வலது கையால்தான் பழக வேண்டும். என் சட்டப்படி வலது கைக்காரர்கள் பெஞ்சில் உட்கார வேண்டும். ஆனால் நான் இடது கையால் தைத்தால் அவர் எதிரேயே உட்காரலாம் இல்லையா? ஒன்றரை மாதமாகப் பழகுகிறேன். இந்த வயதில் விரலெல்லாம் குத்திக்கொண்டு, ஊசியைப் பிடிக்கத் தெரியாமல் அழுதுகூட இருக்கிறேன். நேற்றுத்தான் ஒரு சாண் வரி கோணாமல் வந்தது. வளையத்திலிருந்து கழற்றியும் பார்த்துவிட்டேன்.

நாற்காலியை எடுக்கவில்லை என்று சொல்லி இதை அவரிடம் கொடுங்கள். ஒரு சாண் நேராக வருவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அவருக்குத் தெரியும், பார்த்தால் சந்தோஷப்படுவார்.