அறுநூறு கடிதம், ஒரே மனசு

...நூத்துக்கு நூறு வந்தா யாராவது திட்டுவாங்களா, நீயே சொல்லும்மா? என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற கைடு திட்டுறார். இப்பத்தான் அவர் ரூமிலேருந்து வர்றேன். இருபது நிமிஷம், நின்னுக்கிட்டே. நீயும் ஆபீஸ்ல கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கியா? கொஞ்சம் நகந்துக்கோ, பெஞ்சுல பையை வெச்சுக்கறேன். அறுநூறு கடிதம் இருக்கு, கனம் தாங்கல.

எல்லாம் பத்திரிகைக்கு வாசகருங்க எழுதுனது. ஒவ்வொண்ணையும் படிச்சு, இது குறையா, கோரிக்கையா, பாராட்டான்னு கட்டத்துல டிக் அடிக்கணும். அதை எண்ணி, கணக்குப் போட்டு, ஜனங்க எதுக்காகப் பேனாவை எடுக்குறாங்கன்னு சொல்லணும். அதான் என் ஆராய்ச்சி. சிரிக்காத, நாலு வருஷ உழைப்பு.

இதுல ஒரு வில்லங்கம். நான் மட்டும் டிக் அடிச்சா செல்லாதாம், என் இஷ்டத்துக்கு அடிச்சிருப்பேனாம். இன்னொருத்தர் தனியா உக்காந்து, என்னுதைப் பாக்காம அடிக்கணும். ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாப்பாங்க. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலே கொஞ்சம் ஒத்துப்போகும்ல, அதைக் கழிச்சுட்டுத்தான் மார்க்கு. இன்னொருத்தருக்கு நான் எங்க போவேன்? வீட்டுக்காரரைப் புடிச்சு உக்கார வெச்சேன். லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவர் அவரு.

பாவம், மூணு வாரம் சாப்பாட்டு மேசையில கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பென்சிலால அடிச்சார். எடுத்துப் பாத்தா... நூத்தி எம்பத்தெட்டு கடிதத்துல எனக்கு நேர்மாறு. 'குழாயில தண்ணி ஒழுகுது, யாராவது கவனிச்சா நல்லாயிருக்கும்.' எவ்வளவு பணிவா கேட்டிருக்காங்க. நான் கோரிக்கைன்னு போட்டிருக்கேன், இவரு குறைன்னு போட்டிருக்கார். பதினாலு வருஷமா இதே கதைதாம்மா. 'அந்த ஜன்னல் கொக்கி ஆடுதே'ம்பேன், 'ஆரம்பிச்சுட்டியா'ம்பார். நான் கேட்டதெல்லாம் இவர் காதுல குறையாவே விழுந்திருக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அழுகையே வந்துடுச்சு.

கைடு இன்னிக்கு தாளைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சார். 'எனக்கும் என் நிழலுக்குமே இவ்வளவு ஒத்துப்போகாதேம்மா. இங்கெல்லாம் ரப்பர் போட்டு அழிச்சது யாரு?'ன்னார்.

என்ன அப்படிப் பாக்குற? ஆமா, நான்தான். தப்பா இருந்ததைத் திருத்தினேன், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வேலைக்குப் போனப்புறம், அவர் அடிச்ச நூத்தி எம்பத்தெட்டையும். ஒத்துப்போகாததை அப்படியே கைடுகிட்ட கொண்டு வந்திருந்தா, கோரிக்கைன்னா எதுன்னு விதியைத் தெளிவா எழுதி மறுபடி செஞ்சிருக்கலாமாம். இதை முன்னாடியே சொல்லக்கூடாதா இந்த மனுஷன்? ...சொன்னார்தான். நான்தான் காதுல போட்டுக்கல.

இப்ப பதினஞ்சு நாளுக்குள்ள புது ஆளை வெச்சு முதல்லேருந்து செய்யணும். இல்லேன்னா இந்த வருஷம் போச்சு. அதுகூடப் பரவாயில்லம்மா. வீட்டுக்காரர் எனக்கும் தனக்கும் நூத்துக்கு நூறுன்னு நம்பிக்கிட்டிருக்கார். 'அறுநூறு கடிதத்துல நானும் என் பொண்டாட்டியும் ஒண்ணுலகூட மாறல'ன்னு வேலை செய்யுற எடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கார். போன வாரம், நான் வாயே தொறக்கல, அவராவே அந்த ஜன்னல் கொக்கியை முடுக்கிட்டார். அவர்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?

அது கெடக்கட்டும். உன்னைப் பாத்தா பொறுமைசாலி மாதிரி இருக்கு. ஒரு நாளைக்கு நாப்பது கடிதம்தான். பென்சில் நான் தர்றேன், ரப்பர் மட்டும் கேக்காத... எங்க எழுந்திருக்குற? உன்னையா கூப்பிட்டாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஏம்மா... இந்தாம்மா, நில்லு. நான் உன்னை ஒண்ணும் குறை சொல்லலம்மா. கேக்கத்தானே செஞ்சேன்...