கிளினிக் துண்டில் இருந்த சொல்

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவிக்கு மானிப்பாய் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கொடுத்த துண்டுச் சீட்டிலிருந்த ஆங்கிலச் சொல்லைக் கணவர் ஃபோனில் தேடினார்.

“பல்பபிள் எண்டால் தொட்டால் தெரியிறதாம். மெல்லத் தடவிறதுக்கான லத்தீன் சொல்லிலை இருந்து வந்ததாம்.”

“உந்தக் கட்டிக்கு இவ்வளவு மெதுவான சொல்லே?”

“உமக்கு எப்ப தெரியும்?”

“பொங்கலுக்கு முதலே. குளிக்கேக்கை கையிலை பட்டது.”

“ஏன் சொல்லேல்லை?”

“மகளின்ரை கலியாணம் முடியட்டும் எண்டுதான். டொக்டர் இண்டைக்கே வாட்டிலை தங்கி நிக்கச் சொன்னவ. பிறகு வாறன் எண்டிட்டன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து மணியை அடித்தார்.

“இறங்குமப்பா. திரும்பிப் போவம்.”

“அப்ப கலியாணம்?”

“அது பிந்தட்டும். அவளுக்கு அம்மா வேணும்.”

இருவரும் வீதியைக் கடந்து எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் போய் நின்றார்கள்.