தாழ்ப்பாள் போட்டுக் குளித்தாள்

குளிர்ந்த கையோடு நான் யாரையும் தொட்டதில்லை. ஈசிஜி எடுக்கும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன். படுத்திருப்பவர் திடுக்கிட்டால் கோடு கோணலாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் எனக்கு ‘ஹீட்டர் அக்கா’ என்றே பட்டப்பெயர்.

மூலிகை மருந்துகளைச் சோதிப்பது எங்கள் வேலை. பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்று ஜனங்கள் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறார்கள். சில இலைகள் இதயத் துடிப்பின் தாளத்தையே கெடுத்துவிடும். அதனால் நல்ல உடம்புக்காரர்களுக்கு மருந்தைக் கொடுத்து, அதன் வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஈசிஜி எடுப்போம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன்னைச் சரிசெய்துகொள்ள எடுக்கும் நேரம் நீண்டுபோனால், மருந்தை அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக வந்தது வலிப்புக்கான கஷாயம். என் மகளுக்கு வலிப்பு உண்டு. பார்க்காத டாக்டர் இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை. பள்ளிக்கூடத்தில் விழுந்து பல் உடைந்தது, குளியலறையில் விழுந்து நெற்றி கிழிந்தது. வயசுப் பெண் கதவைத் தாழிடாமல் குளிக்கிறாள் என்றால், பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? ஒரு பாட்டிலைக் கைப்பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த வாரமே வலிப்பு நின்றது. தீரத் தீர அடுத்த பாட்டிலை எடுத்துவந்தேன். ஒருநாள் அவள் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளியே நின்று ஓவென்று அழுதேன்.

அதற்குப் பிறகுதான், சோதனைக்கு வந்திருந்த பஸ் டிரைவரின் கோட்டில் அந்த நேரம் நீண்டது. வாயாடி, நல்ல மனிதர்.

“என்னம்மா, நெஞ்சுக்குள்ள யாரோ வழுக்கி விழுந்த மாதிரி இருக்கு.”

“பயந்தா அப்படித்தாண்ணே இருக்கும். போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, மறுபடி எடுக்கலாம்.”

“நீங்க சொன்னா சரிதான்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

நெஞ்சில் ஒட்டும் ஸ்டிக்கர் தளர்ந்தால் கோடு கெடும். கெட்டதைக் கழித்துவிட்டுப் புதிதாக எடுப்பது எங்கள் வழக்கம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவருக்கு ஸ்டிக்கர் அழுத்தமாகத்தான் ஒட்டியிருந்தது. நான்தான் நகத்தால் ஓரத்தைப் பெயர்த்து, அந்தக் கோட்டைக் கழித்தேன். மருந்தின் வேகம் அடங்கியபின் எடுத்தால் கோடு சமர்த்தாக இருந்தது. நல்ல கோடு வந்ததால் அளவைக் கூட்டினார்கள். கூட்டியபிறகும் நான் அதையே செய்தேன்.

போன வாரம் வண்டி ஓட்டும்போதே அவர் ஸ்டியரிங்கில் சரிந்துவிட்டார். பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை, மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் என்னைப் போலத்தான். ஆனால் என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அந்தக் கோட்டைக் காட்டியிருந்தால் மருந்து நின்றிருக்கும். என் பெண் மறுபடியும் எங்கே விழுவாளோ என்று நான் அவள் பின்னாலேயே அலைந்திருப்பேன்.

ஆமாம் சார், தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். என்னை எந்த ஜெயிலில் வேண்டுமானாலும் அடைத்துவையுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டிலை மட்டும் எடுத்துவிடாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

மகளுக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. மெஷின் இருக்கும் அறைவரைக்கும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன், வாசலோடு திரும்பிவிட்டேன். எடுத்தால் தெரிந்துபோகும். தெரிந்த பிறகு, இன்றைக்குக் காலையில் அதை என் கையால் எப்படி ஊற்றிக் கொடுத்திருப்பேன்?