சார் எப்படி இருக்காரு

ஆமா, பாக்கியராஜ் வீடுதான், நாகல் நகர். நான் அவர் சம்சாரம் ஆனந்தி. ஆஸ்பத்திரி பேரெல்லாம் சொல்ல வேணாம், இந்த நம்பர் எனக்கு மனப்பாடம். செக்கப்புக்கு வரலதான். இரு, அடுப்பைக் குறைச்சுட்டு வாரேன்.

ம், சொல்லு. போன மாசம் பேசுன கௌசல்யா எங்க? வேலையை விட்டுட்டாளா? அதான பார்த்தேன். அவகிட்ட எம்புட்டுப் பேசுனேன்! இட்லிதான் இறங்குது, காபிக்குச் சீனி கேட்டு அடம்பிடிக்கிறாருன்னு. அம்புட்டும் அவளோடயே போச்சு. அவளுக்கு முன்னாடி ஒருத்தி. இப்ப நீ. மறுபடி முதல்லருந்து.

பிறந்த தேதியா? உன் கம்ப்யூட்டர்லயே இருக்கும்ல? இருந்தும் கேக்கணுமாக்கும். நல்ல சட்டம்.

கோவிச்சுக்காத தாயி, உன்னையச் சொல்லல. நான் கான்வென்ட்ல படிச்சவ. அங்க சர்க்குலர் ஒண்ணு வந்தா கிளாஸ் கிளாஸாப் போகும். எல்லா டீச்சரும் படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் சிஸ்டர் விடுவாங்க. ஓட்டுக் கட்டடத்துல நடந்துச்சு அது. உங்க கண்ணாடிக் கட்டடத்துல, லிஃப்டும் வச்சுக்கிட்டு, கீழ சொன்னது மேல போகலையே.

என்ன சொன்னேனா? இவருக்கு ஒரு ஊசி ஒத்துக்காதுன்னு சொன்னேன். முன்ன வடமதுரையில அதைப் போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி, பொழைச்சதே பெருசு. காய்ச்சல்னு உங்ககிட்ட கூட்டியாந்தன்னைக்கு, கேஷுவாலிட்டியில ஊசி பேரோடயே சொன்னேன். அங்க இருந்த நர்சுப் பிள்ளை தலையாட்டுச்சு. நல்ல பிள்ளைதான். டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிருச்சு. வார்டுல அடுத்து வந்தவளுக்கு யாரும் சொல்லல. நான் கீழ மாத்திரை வாங்க நிக்கிறேன், மேல அதே ஊசி.

ஆமா தாயி. அன்னைக்கே போயிட்டாரு. உங்க ஆஸ்பத்திரியிலதான்.

ஏய், என்ன டொக்கு டொக்குங்குது? கம்ப்யூட்டர்ல அடிக்கிறியா? அடிக்காத, அழிச்சுரு. மத்த ரெண்டு பேருகிட்டயும் இதைச் சொல்லவே இல்ல நான். என்ன சொன்னீங்கன்னு திருப்பிக் கேட்டவ நீ ஒருத்திதான், அதான் வாயில வந்துருச்சு.

இங்க துக்கம் கேக்க வந்தவுகல்லாம் போனதோட சரி. பெத்த மகன்கூட என் முன்னாடி அவர் பேரை எடுக்க மாட்டேங்குறான், நான் அழுதுருவேனாம். சார் எப்படி இருக்காருன்னு மாசாமாசம் கேக்குறது நீங்க மட்டுந்தான். அதுனால இதை யாருகிட்டயும் சொல்லிறாத, என்ன? சொல்லாம விடுறது உங்களுக்கு ஒண்ணும் புதுசில்லையே.

செக்கப்பா? அடுத்த வாரம் வாராருன்னு போட்டுக்க.