நாற்பது நாற்காலிகளுக்கு ஒரே ரிப்பன்

ஹலோ... ஆமா சார், ஆஸ்பத்திரி ஸ்டோர்தான், வார்டுக்கு அடுத்த ரூம். தொண்டு நிறுவனத்து ஆள்தான் பேசுறேன். காலையில இருந்து உங்க ஆபீசுக்கு ஏழு தடவை அடிச்சேன். சுகாதாரத் துறை இவ்வளவு சுறுசுறுப்பா இருந்தா எங்க போனை எடுக்க நேரம் இருக்கும்...

ஆமா, ஆமா. நம்ம ரெண்டு தரப்பும் சேர்ந்து குடுக்கிற சக்கர நாற்காலி நாப்பதும் பத்திரமா இருக்கு. வந்து பதினெட்டு நாள் ஆச்சு. ஒரு சக்கரம்கூட உருளல. நீங்க கவலைப்படாதீங்க...

நாப்பதையும் கேக்கல சார். ஒண்ணே ஒண்ணு. பதினேழாம் படுக்கை அம்மாவுக்கு. சர்க்கரையில வலது கால் போச்சே, அவங்களுக்கு. இன்னைக்குப் பன்னண்டு மணிக்குள்ள படுக்கையைக் காலி பண்ணணும்னு ஆர்டர்... யார் போட்டதா? நீங்கதான் சார். கையெழுத்து தெளிவா இருக்கு...

தெரியும் சார், நாற்காலி குடுக்கிற விழா இருபத்தி மூணாந் தேதி. அதுவரைக்கும்?... ஓ. வீட்டுக்குப் போயிட்டு அன்னைக்குத் திரும்பி வந்து வாங்கிக்கணும். நல்ல யோசனை. எதுல வரணும் சார்?... இல்ல, நடந்து வர முடியாதே, அதான் கேட்டேன்...

புருஷன் இருக்கார். முதுகுல தூக்கிட்டுப் போறேங்கிறார். மூட்டை தூக்கியே முதுகு போன மனுஷன். வீட்டுல கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்காம். பன்னண்டு நாள் அடக்கிக்கச் சொல்லட்டுமா?... கிண்டல் எல்லாம் இல்ல சார்.

ரிப்பனா? மறப்பேனா? கட்டினதே நான்தானே. உங்களுக்கு ஒண்ணு எங்களுக்கு ஒண்ணுன்னா யார் முதல்ல வெட்டுறதுன்னு நாலு கூட்டம் போட்டீங்க. கடைசியில ஒரே ரிப்பன், நாப்பது சக்கரத்துக்குள்ளயும் கோத்து, ரெண்டு தரப்புப் பெரியவங்களும் ஒரே கத்தரிக்கோலைப் பிடிச்சு வெட்டுறதுன்னு முடிவாச்சு. ஒற்றுமையாம். இப்ப ஒரு நாற்காலியை உருவணும்னாலும் அதை வெட்டியாகணும்...

எங்க டைரக்டரையா? கேட்டேனே. உங்களைக் கேக்கச் சொன்னார். நீங்க அவரைக் கேக்கச் சொல்றீங்க. கூத்தாடி கிழக்கே பாத்தானாம், கூலிக்காரன் மேற்கே பாத்தானாம். நடுவுல அந்தம்மா படுக்கையில கிடந்து உத்தரத்தைப் பாக்குறாங்க...

சரி, எழுதித் தர்றேன். ரெண்டு தரப்பும் கையெழுத்து போடணும்... சரி. எத்தனை நாள் ஆகும்?... பதினஞ்சா? ஆக, விழாவுக்கு முன்னாடி கொடுக்கிறதுக்கான அனுமதி, விழா முடிஞ்சு மூணாம் நாள் வந்துடும். ரொம்ப சந்தோஷம்.

ஒரு நிமிஷம் சார்... அக்கா, கால் பலகையை மடிச்சு விடுங்க. ம்... உக்காந்துட்டாங்களா? பின்னாடி ஒரு தலகாணி வைங்க... உங்ககிட்ட இல்ல சார், பக்கத்துல பேசினேன்.

ஆமா, நாற்காலிதான்... வெட்டியாச்சு சார். நீங்க பதினஞ்சு நாள்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள... யாரா? தனியா யாரும் வெட்டல. ஒரு கையில போன், இன்னொரு கையால நான் ரிப்பனை இழுத்துப் பிடிச்சேன். வார்டு நர்ஸ் அக்கா, புண்ணுக்கட்டு வெட்டுற கத்தரியால வெட்டினாங்க. அவங்க உங்க ஆளு, நான் எங்க ஆளு. ஒப்பந்தம் போட்ட நாள்ல இருந்து ரெண்டு தரப்பும் சேர்ந்து செஞ்ச முதல் வேலை இதுதான் சார்...

போட்டோவா? எடுக்கலியே. அந்தம்மாவைப் புருஷன் தள்ளிட்டு ஆஸ்பத்திரி கேட்டையே தாண்டிட்டார்...

மெமோவா? குடுங்க சார், வாங்கிக்கிறோம்.

மிச்சம் முப்பத்தொம்பதா? அதையெல்லாம் எது கட்டி வச்சிருக்கு சார்? எல்லாம் அவிழ்ந்து கிடக்கு. வார்டுல நடக்க முடியாதவங்க இன்னும் பதினாலு பேர் இருக்காங்க...

சார்?... ஹலோ?

வச்சுட்டார் அக்கா. அடுத்தது எந்தப் படுக்கை?